பலகை இல்லாத குளங்கள்

விலங்கியல் பட்டப்படிப்பில் பறவைகளைப் பற்றி நாங்கள் கற்றதெல்லாம் செத்த பறவைகளை வைத்துத்தான். துறையின் கண்ணாடி அலமாரியில் பஞ்சடைத்த நாரை ஒன்று நின்றது. அதன் அலகையும் காலையும் பதிவேட்டில் பென்சிலால் வரைந்தோம். எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளைப் பற்றி எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அந்த நாரை எவ்வளவு ஆழத் தண்ணீரில் நின்று இரை தேடும், அது கூடு கட்டும் மரம் யார் வீட்டுப் புறவாசலில் நிற்கிறது, அந்த வீட்டுக்காரர் அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை.

2016 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, எங்கள் பேராசிரியர் எங்களைத் தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் குளங்கள் புதியவை அல்ல. பேருந்து ஜன்னல் வழியாக நாள்தோறும் கடந்து போனவை. ஆனால் எங்களில் பலர் ஒரு குளத்தின் கரையில் ஏறி நின்று, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தின் கிளை அது. மாணவர்களும் ஆசிரியர்களும் பறவை ஆர்வலர்களும் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிக் குளங்களுக்குப் போய் எண்ணி எழுதுவார்கள். 1987 முதல் ஆசிய நாடுகள் பலவற்றில் ஜனவரி மாதத்தில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் வழியில் வந்த முயற்சி இது. ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததிலும் பொருள் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் வந்த வாத்துகளும் உள்ளான்களும் இடம்பிடித்து அமர்ந்திருக்கும். உள்ளூர் நாரைகள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். வந்தவரையும் இருப்பவரையும் ஒருசேரப் பார்க்க அதைவிட நல்ல மாதம் இல்லை.

முதல் நாள் மாலையில் பயிற்சி. எண்ணுவது எளிது என்று நினைத்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தோம். சொல்லிக் கொடுத்தவர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். தண்ணீரில் நெருங்கிக் கிடந்த கிளுவை வாத்துகளின் கூட்டம். எத்தனை இருக்கும் என்று கேட்டார். எங்கள் விடைகள் எண்பதிலிருந்து ஐந்நூறு வரை போயின. பிறகு முறையைச் சொன்னார். கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைக் கண்ணில் பதியவை. அதே அளவைக் கூட்டம் முழுவதும் நகர்த்திக்கொண்டே போ. கூட்டம் பெரிதானால் பத்துக்குப் பதில் நூறு. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பார்ப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். எழுதுபவர் தாளிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். பறந்து போனவை எந்தத் திசையில் போயின என்று குறித்துக்கொள், அடுத்த கரையில் அவற்றையே மறுபடி எண்ணிவிடாதே.

அவர் கொடுத்த தாளின் முன்பக்கத்தில் பறவைகளின் பட்டியல் இருந்தது. பின்பக்கத்தில் குளத்தைப் பற்றிய கேள்விகள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? மீன் குத்தகை உண்டா? வேட்டை நடக்கிறதா? குப்பை கொட்டுகிறார்களா? அமலைச் செடியும் நெய்வேலிக் காட்டாமணக்கும் எவ்வளவு பரவியிருக்கின்றன? கரையை உடைத்து யாரும் வீடோ வயலோ ஆக்கியிருக்கிறார்களா? முன்பக்கம் நிரம்புவதும் வெறுமையாவதும் பின்பக்கத்தைப் பொறுத்தது என்பது எங்களுக்குப் போகப் போகத்தான் விளங்கியது.

மறுநாள் விடிவதற்குள் திருப்புடைமருதூரில் இருந்தோம். தாமிரபரணியோடு கடனா நதி வந்து கூடும் இடம். நாறும்பூநாதர் கோயிலை ஒட்டி ஆற்றங்கரையில் நெடிய மருத மரங்களும் இலுப்பை மரங்களும் நிற்கின்றன. இருள் பிரியும்போதே உச்சிக் கிளைகளில் அசைவு தெரிந்தது. நாரைகள், கொக்குகள், நீர்க்காகங்கள், அரிவாள் மூக்கன்கள். இரவெல்லாம் இரை தேடிவிட்டு வக்காக்கள் திரும்பிக்கொண்டிருந்தன. நடைபாதையில் வெள்ளை வெள்ளையாக எச்சம். கோயிலுக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றி நடந்து போனார்கள். யாரும் அண்ணாந்து பார்த்துச் சலித்துக்கொள்ளவில்லை.

2005 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இந்தத் திருப்புடைமருதூர்தான் இந்தியாவின் முதல் கன்சர்வேஷன் ரிசர்வ். பரப்பளவு 2.84 ஹெக்டேர், ஏறத்தாழ ஏழு ஏக்கர். 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் கொண்டுவந்த திருத்தம் இந்தப் புதிய வகைக்கு வழி திறந்தது. தேசியப் பூங்காவும் சரணாலயமும் அறிவித்தால் அங்குள்ள மக்களின் உரிமைகள் சுருங்கும் என்ற அச்சம் எப்போதும் உண்டு. இந்த வகையில் உள்ளூர் மக்களைக் கலந்துகொண்டுதான் அறிவிப்பு வரும். நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. இவ்வளவையும் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டார். பேசி முடித்ததும், "சட்டம்லாம் பொறவு வந்தது சார். மொதல்ல மரத்த வெட்ட விடாம நின்னது ஊரு. அத நாங்களே கேட்டுத்தான் வாங்கினோம்" என்றார்.

"ஏன் கேட்டீங்க அண்ணாச்சி?" என்று என் தோழி கேட்டாள்.

"நாங்க இருக்குதவரை பாத்துக்கிடுவோம். எங்களுக்குப் பொறவு வாரவன் எப்படி இருப்பானோ! அதுக்கு ஒரு எழுத்து வேணும்லா?"

சட்டம் எதற்கு என்று வகுப்பில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அந்த ஈர வேட்டிக்காரர் சொன்ன அளவுக்குச் சுருக்கமாகவும் சரியாகவும் நான் எழுதியதில்லை.

அங்கிருந்து நாங்கள் போனது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு குளத்துக்கு. பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பாளையங்கால் வழியெங்கும் நிரப்பிக்கொண்டு போகும் குளங்களில் அதுவும் ஒன்று. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள். கால்வாய் நேரே பாய்ச்சும் வயல் கொஞ்சம். குளத்தில் தேக்கி அங்கிருந்து மடை வழியாகப் பாய்ச்சும் வயல் கொஞ்சம். ஒரு குளம் நிறைந்ததும் மறுகால் வழியாக வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைவித்த நிலம் இது. நாங்கள் போனபோது பிசானப் பயிர் கதிர் விட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் குளத்தில் அறிவிப்புப் பலகை இல்லை, காவலர் இல்லை, பார்வைக் கோபுரம் இல்லை. ஒரு மூலையில் ஊர்க் கழிவுநீர் வந்து விழுந்தது. கரையின் இன்னொரு பக்கம் இறைச்சிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற எங்களுக்கு, இங்கே என்ன எண்ணப்போகிறோம் என்றுதான் தோன்றியது. ஆனால் பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் காட்சி மாறியது. நடுக்குளத்தில் நாமக்கோழிகள் கருநிறத் திட்டாக மிதந்தன. அவற்றுக்கிடையே ஊசிவால் வாத்துகள், கிளுவைகள், புள்ளிமூக்கு வாத்துகள். அல்லிக் கொடிகள் மேல் இலைக்கோழிகள் நடந்தன. சம்புப் புதரிலிருந்து நீலத் தாழைக்கோழி எட்டிப் பார்த்தது. ஓரச் சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள். நத்தைகுத்தி நாரைகள் குனிந்து குனிந்து நத்தையைத் தூக்கி, சதையை மட்டும் உருவிக்கொண்டிருந்தன. எழுதுகிற பொறுப்பு என்னுடையது. தாளின் முன்பக்கம் போதாமல் இன்னொரு தாள் வாங்கினேன்.

மடை அருகே மண்வெட்டியோடு நின்ற நீர்பாய்ச்சியிடம் பேசினோம். குளத்துத் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டுக் கொடுக்கிற வேலை அவருடையது. கூலியாக நெல் அளப்பார்கள். பறவைகளின் பெயரெல்லாம் அவர் எங்கள் புத்தகத்தில் உள்ளதுபோலச் சொல்லவில்லை. ஆனால் எது எப்போது வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "தண்ணி நெறைய நிக்கையில தாரா வரும், முக்குளிப்பான் வரும். மடையத் தொறந்து விட விட, தண்ணி முட்டுக்குக் கீழ எறங்கும்லா, அப்பத்தான் நார வரும். சகதி தெரிஞ்சிட்டுன்னா உள்ளான். மீன் ஒதுங்குத எடம் நாரைக்குத் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார்.

அவர் சொன்னதைத் திரும்பும் வழியில் பேராசிரியர் எங்களுக்கு விரித்துச் சொன்னார். நீண்ட கால்கள் உடைய பறவையும் தன் காலின் அளவுக்கு மேல் ஆழத்தில் நின்று இரை பிடிக்க முடியாது. நாரைக்கு வேண்டியது ஒரு சாண், ஒன்றரைச் சாண் தண்ணீர். உள்ளானுக்கு விரற்கடை ஈரம். முக்குளிப்பானுக்கு மூழ்கும் ஆழம். கரையிலிருந்து நடுவே மெல்ல மெல்லச் சரியும் குளத்தில் இந்த எல்லா ஆழமும் ஒரே நேரத்தில் கிடைக்கும். பாசனத்துக்காகத் தண்ணீர் இறங்க இறங்க அந்த ஆழங்களும் இடம் மாறி, மாதக் கணக்கில் புதுப் புது இரைநிலம் திறந்துகொண்டே போகும். மண் அள்ளும் இயந்திரத்தை விட்டுக் குளத்தைச் செங்குத்தாகத் தோண்டினால் தண்ணீர் நிற்கும், நாரை நிற்காது. தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வண்டலை அள்ளி வயலில் போடுவது இந்த ஊர் உழவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை. எங்கே, எவ்வளவு, எந்தச் சரிவில் என்பதைக் குளத்தை அறிந்தவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

கூந்தன்குளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது கடைசியாகத்தான். நாகர்கோவில் சாலையில் மூன்றடைப்பு வந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பனையும் உடைமரமும் நிறைந்த வறண்ட நிலம். ஆற்றுப்பாசனத்தின் பசுமை பின்னால் போய்விடும். வானம் பார்த்த அந்தச் சீமையில் கூந்தன்குளம் நிறைவது வடகிழக்கு மழையாலும், மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வந்து சேரும் தண்ணீராலும். கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு குளங்களையும் சேர்த்து 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பரப்பு 129 ஹெக்டேருக்குச் சற்று அதிகம்.

சரணாலயம் என்றதும் வேலியும் வாயிற்கதவும் உள்ளே அடர்ந்த காடும் என் மனதில் இருந்தன. நாங்கள் இறங்கியது ஒரு தெருவில். இருபுறமும் ஓட்டு வீடுகள், காரை வீடுகள். திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள். குழாயடியில் குடங்கள். அவர்கள் தலைக்கு மேல் வேப்ப மரத்திலும் புளிய மரத்திலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கிளையிலிருந்து எழுந்து தெருவின் குறுக்கே பறந்தபோது அதன் நிழல் எங்கள் மேல் ஊர்ந்து போனது. அலமாரியில் பஞ்சடைத்து வைத்திருந்த பறவையின் உயிருள்ள உருவம் இவ்வளவு பெரியது என்பதும், இறக்கையின் முடிவில் இப்படியொரு இளஞ்சிவப்பு உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குச்சியை அலகில் கவ்விக்கொண்டு வந்த ஆண் நாரையைப் பெண் நாரை அலகைத் தட்டி வரவேற்றது. அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

குளத்துக்குள் தண்ணீரில் நின்ற கருவேல மரங்களிலும் கூடுகள். அங்கே கூழைக்கடாக்கள். தூரத்துத் திறந்த நீரில் வரித்தலை வாத்துகள் கழுத்தை முதுகில் மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தன. திபெத், மங்கோலியப் பீடபூமிகளின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து வந்தவை. பகலில் குளத்தில் ஓய்ந்திருந்து, அந்தி சாய்ந்ததும் வயல்வெளிகளுக்கு மேயப் போகும். இமயத்தைத் தாண்டிய ஒரு பறவை நாங்குநேரி வட்டத்தின் ஒரு குளத்தில் இவ்வளவு நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால், அந்தக் கரையில் உள்ள மனிதர்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

அதற்கான விடை ஒரு ஆச்சியின் வீட்டு முற்றத்தில் கிடைத்தது. அவர் வீட்டுப் புளிய மரத்தில் ஏழெட்டுக் கூடுகள். மரத்தடியில் குச்சியும் எச்சமும், தவறி விழுந்த மீனுமாகக் கிடந்தது. நாற்றம் வயிற்றைப் புரட்டியது. "குஞ்சு பொரிச்சபொறவு வந்து பாரு தாயி. இப்ப ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தார்.

"இந்த வாடையில எப்படி ஆச்சி சோறு திங்கிறீங்க?"

"பேறுகாலத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருக்க புள்ளைகள, வாடையடிக்கி, சத்தம் போடுதுன்னு வெரட்டுவியா? பிள்ளையப் பெத்து, வளத்து, தூக்கிட்டுப் போற வரைக்கும் இருக்கட்டுமே."

அவர் சொன்னது பேச்சுக்காக அல்ல என்பது அந்த ஊரில் எதைக் கேட்டாலும் தெரிந்தது. தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். முன்காலத்தில் யாராவது முட்டையையோ குஞ்சையோ திருடினால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றவைப்பார்கள் என்று கடை வாசலில் இருந்த பெரியவர்கள் சொன்னார்கள். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்க வனத்துறையினர் தனியாக ஓர் அடைப்பு வைத்திருந்தார்கள். விழுந்த குஞ்சைக் கண்டால் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

ஊருக்கு இதனால் கிடைப்பதும் உண்டு. எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள். அதைப் போட்ட நிலத்துக்கு வேறு உரம் அதிகம் வேண்டியதில்லை என்று ஓர் உழவர் சொன்னார். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்திருப்பது வேதியியல் உண்மை. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலும் இதே கதைதான். அங்கே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர்மக்கள் ஆங்கிலேய ஆட்சியரிடம் போய், பறவைகளைச் சுடக்கூடாது என்று முறையிட்டு, 1798-இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டரிடம் எழுத்துப் பூர்வமான உரிமை வாங்கினார்கள். குளத்துத் தண்ணீர் பறவை எச்சத்தால் உரமேறி வயலுக்குப் பாய்வதை அவர்கள் கண்டிருந்தார்கள். பயன் கருதிய அன்பு என்று இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. வெடியில்லாத தீபாவளியையும், மாதக்கணக்கில் தீராத வாடையையும், தூக்கம் கெடுக்கும் இரைச்சலையும் வண்டலின் விலையை வைத்து மட்டும் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பயனும் பாசமும் அந்த ஊரில் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே இருந்தன.

பிற்பகலில் பேராசிரியர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். கரையில் உட்கார்ந்து, கூடுகளிலிருந்து கிளம்பும் நாரைகளும் கூழைக்கடாக்களும் எந்தத் திசையில் போகின்றன, எந்தத் திசையிலிருந்து திரும்புகின்றன என்று மட்டும் குறிக்க வேண்டும். எண்ணிக்கைகூட வேண்டாம், திசை போதும். சலிப்பான வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே தொடங்கினோம். நேரம் ஆக ஆகத் தாளில் அம்புக்குறிகள் சேர்ந்தன. மேற்கே, வடக்கே, தென்கிழக்கே. மிகச் சில பறவைகளே கூந்தன்குளத்துக்குள் இரை தேடின. மற்றவை வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குச் சறுக்கிப் போயின.

"எங்க போகுது?" என்று பேராசிரியர் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு மாணவன் மெதுவாக, "நாம காலையில பாத்த மாதிரி குளத்துக்குத்தான் சார்" என்றான்.

அந்தப் பயணம் எனக்குத் தந்த பெரிய பாடம் அதுதான். ஒரு மரத்தில் கூடு கட்ட இடம் வேண்டும். அதற்குக் கூந்தன்குளம் போதும். அந்தக் கூட்டில் உள்ள குஞ்சுகளை இரண்டு மாதத்துக்கு மேல் வளர்க்க மீன் வேண்டும். அதற்குச் சுற்றுவட்டாரக் குளங்கள் எல்லாம் வேண்டும். கழிவுநீர் விழுந்த அந்தக் குளமும், மறுகாலை அடைத்து வீடு கட்டிய குளமும், சீமைக் கருவேலம் மண்டிய குளமும் சேர்ந்துதான் சரணாலயத்தின் குஞ்சுகளுக்குச் சோறு போடுகின்றன. சரணாலயத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு மற்றவற்றைக் கைவிட்டால், கூடுகள் இருக்கும் ஊரில் குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

அன்றிரவு தங்கிய இடத்தில் இதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். ஒரு குளத்துக்கு எத்தனை பேர் பொறுப்பு என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக்காட்டினார். மதகும் கரையும் அன்று பொதுப்பணித் துறை. பறவை வனத்துறை. புறம்போக்கு வருவாய்த் துறை. மீன் குத்தகை வேறொரு கணக்கு. வண்டல் எடுக்க இன்னோர் அனுமதி. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது நீர்பாய்ச்சியும் பாசனக்காரர்களும். பறவையோ இந்த எல்லைகள் எதையும் அறியாமல் ஒரே குளத்தில் வந்து இறங்குகிறது. இத்தனை கைகளும் ஒன்றோடொன்று பேசாமல் போனால் குளம் பாழாகும். பேச வைக்கிறவர்கள் குளத்தின் கரையில் வாழ்கிறவர்களாகத்தான் இருக்க முடியும்.

மறு ஆண்டு அந்தப் பாடம் கடுமையாக உறுதிப்பட்டது. 2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத வறட்சி வந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அப்போது நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எண்ணப் போன இடங்களில் குளத்தின் உள்வாயில் ஆடுகள் மேய்ந்தன. எங்கள் தாளில் பல வரிகள் சுழியம். கூந்தன்குளத்திலும் பெரும்பகுதி காய்ந்திருந்தது. முந்தைய ஆண்டு சந்தித்த ஆச்சி வாசலில் இருந்தார். மரம் வெறுமையாக நின்றது. "பறவ வரலன்னா ஊருக்கே வெளிச்சமில்லாத மாதிரி இருக்கு தாயி" என்றார். பிசானம் விதைக்காத உழவரும் அன்று அதே தெருவில் உட்கார்ந்திருந்தார். பறவையின் இழப்பும் உழவரின் இழப்பும் ஒரே வறண்ட கால்வாயிலிருந்து வந்தவை.

அதற்குப் பிறகு நல்ல செய்திகளும் வந்தன. 2022-இல் கூந்தன்குளம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஈரநிலங்களைக் காக்க ஈரானின் ராம்சார் நகரில் 1971-இல் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பெயரால் அமைந்த பட்டியல் அது. 2022 வரை தமிழ்நாட்டில் அந்தப் பெருமை கோடியக்கரைக்கு மட்டுமே இருந்தது. அந்த ஓர் ஆண்டில் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, வடுவூர், சுசீந்திரம் தேரூர் என்று வரிசையாகச் சேர்ந்தன. செய்தியைப் படித்தபோது அந்தத் தெருவும் புளிய மரமும்தான் நினைவுக்கு வந்தன. உலகப் பட்டியலில் ஓர் ஊரின் பெயர் ஏறுவதற்கு முன், அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக வெடியை ஒதுக்கி வைத்திருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஊர்கள் மூழ்கின. இவ்வளவு மழையை எந்தக் குளமும் முழுவதும் தாங்கியிருக்காது என்பது உண்மை. ஆனாலும் வரத்துக்கால் அடைபட்ட இடத்தில், மறுகால் வழியில் வீடுகள் எழுந்த இடத்தில், தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடிப் போனதைப் பலரும் கண்டோம். பறவைகளுக்காக எழுதிவைத்த அந்தத் தாளின் பின்பக்கக் கேள்விகள் மனிதர்களின் உயிருக்கான கேள்விகளும்தான்.

இன்று நான் இதே மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முதலில் அழைத்துப் போவது சரணாலயத்துக்கு அல்ல, பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர்க் குளத்துக்கு. அங்கே பறவைகளைக் காட்டும் முன் மடையைக் காட்டுகிறேன். தண்ணீர் எந்தக் கால் வழியாக வருகிறது, எந்த மறுகால் வழியாகப் போகிறது, அடுத்த குளம் எது என்று அவர்களே நடந்து பார்த்துப் படம் வரைகிறார்கள். நீர்பாய்ச்சித் தாத்தாவை அழைத்து வந்து பேசச் சொல்கிறேன். பிறகுதான் எண்ணுகிறார்கள். முதல் முறை ஒரு கொக்கையும் மடையானையும் வேறுபடுத்தத் தெரியாத பிள்ளைகள், சில வாரங்களில் நாமக்கோழிக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணப் பழகிவிடுகிறார்கள். கூந்தன்குளத்துக்கும் போகிறோம். தங்கள் ஊர்க் குளத்தில் பார்த்த நாரை அங்கே கூட்டில் நிற்பதைக் காணும்போது, இரண்டு ஊருக்கும் உள்ள தொடர்பை நான் விளக்க வேண்டியிருப்பதில்லை.

ஜனவரிக் கணக்கெடுப்பு முடிந்ததும் குடியரசு நாள் கிராமசபை வரும். பிள்ளைகள் நிரப்பிய தாளைப் பெற்றோர்களிடம் கொடுத்து அங்கே வாசிக்கச் சொல்கிறேன். இந்த ஆண்டு எத்தனை வகைப் பறவைகள் வந்தன, கரையில் எந்த இடத்தில் குப்பை கொட்டுகிறார்கள், எந்த வரத்துக்கால் மூடிக்கிடக்கிறது என்று அதில் இருக்கும். ஒருமுறை அப்படி வாசித்த பிறகு, இறைச்சிக் கழிவு கொட்டுவதை நிறுத்த ஊராட்சி ஏற்பாடு செய்தது. இன்னொரு முறை ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிராமசபையில் மறுபடி வாசித்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் பல பள்ளிகளுக்கு அருகில் ஒரு குளம் உண்டு. அப்படிப்பட்ட ஒவ்வொரு பள்ளியும் தன் குளத்தை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணி, எண்ணியதை ஊர் கேட்கும்படி வாசித்தால், பலகை இல்லாத அந்தக் குளங்களுக்குப் பொறுப்பாளர்கள் கிடைத்துவிடுவார்கள். கூந்தன்குளத்து மக்கள் தங்கள் பங்கைத் தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள். மீதிப் பங்கு நம் ஒவ்வொருவர் ஊர்க் குளத்தின் கரையிலும் காத்திருக்கிறது. அதை வருகிற ஜனவரியிலேயே தொடங்கலாம்.